குடிக்காதவங்களுக்கு ஒயின் ஊர்ல என்ன வேலை?

"நீங்க யாரும் குடிக்கறதே இல்ல. அப்புறம் ஒயின் ஊருக்குப் போய் என்னத்த கிழிச்சீங்க?"

போன வாரம் ஒரு கொலு வீட்டுல ஒருத்தர் கேட்டார். அவர் கையில சுண்டல், என் கையிலயும் சுண்டல். சுத்தி பத்து மாமிங்க. சண்டை போட வசதிப்படல. அதான் இங்க எழுதறேன்.

அவரும் போன வருஷம் அதே பக்கம் போனவர்தான். நியூயார்க் மாநிலத்து ஃபிங்கர் லேக்ஸ். பார்ட்டி பஸ் பிடிச்சு, எல்லாருக்கும் ஒரே கலர்ல டீ-ஷர்ட் அடிச்சு, ஒரே நாள்ல ஏழு ஒயினரி. ஏழு! திருப்பதியில தர்ம தரிசனம் பண்றவங்ககூட ஒரு நாளைக்கு இவ்வளவு அலைய மாட்டாங்க. எந்த ஒயின் பிடிச்சுதுன்னு கேட்டேன். "நாலாவது இடத்துல சீஸ் நல்லாருந்துச்சு"ன்னார். எந்த ஏரின்னு கேட்டேன். "ஏதோ ஒரு ஏரி."

சரி. நாங்க போனது கியூகா ஏரி. தங்கினது ஹேமண்ட்ஸ்போர்ட்ங்கற ஊர்.

ஊர்னா ரொம்பப் பெருசா நினைச்சுக்காதீங்க. மொத்த ஜனமே 600 பேர் அளவுதான். நடுவுல சதுரமா ஒரு பூங்கா, அதுல பேண்டு வாசிக்க ஒரு வெள்ளை மண்டபம், சுத்தி நாலு பக்கமும் பழைய செங்கல் கட்டடங்கள். ரெண்டு தெரு நடந்தா ஏரி வந்துடும். ஏரிக்கரையில பழைய ரயில் நிலையம் ஒண்ணு அப்படியே நிக்குது. ரயில்தான் இல்ல. ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு காபி வேணும்னா நீங்களே போட்டுக்கணும்.

நாங்க இருக்கற நியூஜெர்சி எடிசன்லேர்ந்து நாலு, நாலரை மணி நேர டிரைவ். பாத்ங்கற ஊர்கிட்ட ஹைவேயை விட்டு இறங்கி கொஞ்ச தூரம் போனா, மலை ரெண்டு பக்கமும் நெருங்கி வரும். அந்தப் பள்ளத்தாக்கு வாயில ஏரி.

கூட வந்தது யாருன்னா, என் மாமனார். கம்பத்துக்காரர். இதுதான் இந்தக் கதையில முக்கியமான விஷயம்.

வாழ்நாள் பூரா பன்னீர் திராட்சை போட்டவர். பந்தலும் கல்தூணும் கவாத்தும் மருந்தடிக்கறதுமா நாப்பது வருஷத்துக்கு மேல. ஒரு சொட்டு ஒயின் வாயில பட்டதில்ல. அமெரிக்கா வந்ததுலேர்ந்து நயாகரா காட்டினோம், வெள்ளை மாளிகை காட்டினோம், டைம்ஸ் ஸ்கொயர் காட்டினோம். எல்லாத்துக்கும் ஒரே பதில்: "ம்ம், நல்லாருக்கு." அந்த "ம்ம்" எந்த தினுசுன்னு மருமகளா இருந்தவங்களுக்குத் தெரியும்.

ஏரியோரமா ரோட்டுல வண்டி திரும்பி, சரிவு முழுக்க திராட்சைக் கொடி வரிசை வரிசையாத் தெரிஞ்சப்பதான் மனுஷன் சீட்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, பந்தல் எங்க?"

பந்தல் கிடையாது மாமா, கம்பியில கட்டி வேலி மாதிரி விடுவாங்கன்னேன்.

"பனி கொட்டுற ஊருங்கறீங்க. கொடி எப்படிப் பொழைக்குது?"

இது நியாயமான கேள்வி. (டீ-ஷர்ட் கும்பல்ல ஒருத்தர்கூட இதைக் கேட்டிருக்க மாட்டாங்க.)

பதில் ஏரியிலதான் இருக்கு. இந்தப் பக்கத்துல இப்படி நீள நீளமா 11 ஏரிங்க. எல்லாம் பனியுகத்துல பனிப்பாறைங்க நகர்ந்து நகர்ந்து தோண்டின பள்ளம். அகலம் கம்மி, ஆழம் கண்டபடி. பக்கத்துல இருக்கற செனகா ஏரி 600 அடிக்கு மேல ஆழம். கியூகா அவ்வளவு இல்ல, 180 அடி சொச்சம். ஆனா மத்த ஏரிங்கள்லாம் விரல் மாதிரி நேரா நீண்டிருக்க, இது மட்டும் உண்டிவில் கவட்டையா ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. பழைய பேரே கோணல் ஏரிதான்.

இவ்வளவு ஆழமான தண்ணி லேசுல சூடாகாது, சூடானா லேசுல ஆறாது. கோடை பூரா வாங்கி வச்ச சூட்டை அக்டோபர், நவம்பர்ல மெதுவா வெளிய விடும். பக்கத்துச் சரிவுல உறைபனி விழறது தள்ளிப்போகும், பழம் நிதானமாப் பழுக்கும். வசந்தத்துல இதுக்கு நேர் எதிர். தண்ணி இன்னும் சில்லுனு இருக்கறதால கொடி அவசரப்பட்டு மொட்டு விடாது. அவசரப்பட்டு விட்டிருந்தா ஏப்ரல், மே மாசத்துல திடீர்னு வர்ற பனியில மொட்டு மொத்தமும் கருகிப்போகும். அதோட, குளிர்ந்த காத்து கனமானது. சரிவுல தங்காம கீழ வழிஞ்சு ஏரிக்குப் போயிடும். அதான் சமதரையை விட்டுட்டு மேட்டுல கொண்டுபோய் நடறாங்க.

மாமா இதையெல்லாம் கேட்டுட்டு, "அப்ப தண்ணி பாய்ச்ச இல்ல, காவக்காக்க"ன்னார்.

நான் ரெண்டு பத்தி எழுதினதை மனுஷன் அஞ்சு வார்த்தையில முடிச்சுட்டார்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு தோட்டத்தோரமா நடந்தோம். (கேட்டுட்டுத்தான். இங்க யார் நிலத்துலயும் சும்மா கால் வைக்கக் கூடாது.) மாமா குனிஞ்சு ஒரு கொடியோட அடித்தண்டைத் தடவிப் பார்த்தார். தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துல முண்டு மாதிரி ஒரு வீக்கம்.

"ஒட்டு."

தோட்டக்காரர் ஆச்சரியப்பட்டுட்டார். ஆமாம், ஒட்டுதான். வேர் ஒரு ஜாதி, மேல காய்க்கறது வேற ஜாதி. குளிர் வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு கொடிக்கும் அந்த ஒட்டு மூடற அளவுக்கு மண்ணை அணைச்சு மேடு கட்டிடுவாங்களாம். மேல இருக்கறது மொத்தமும் பனியில செத்தாலும் மண்ணுக்குள்ள இருக்கற ஒட்டுக்கு மேல நாலு மொட்டாவது தப்பிச்சா போதும், திரும்பத் தளிர்க்கும். வசந்தத்துல அந்த மண்ணைப் பூரா திரும்ப இழுத்து விடணும். வருஷா வருஷம். ஏக்கர் ஏக்கரா.

"எத்தனை வெள்ளாமை?"ன்னு மாமா கேட்கச் சொன்னார்.

ஒண்ணுன்னார் தோட்டக்காரர்.

மாமா முகத்துல வந்துச்சு பாருங்க ஒரு பரிதாபம். கம்பத்துல வருஷத்துக்கு ரெண்டு தடவை கவாத்து பண்ணி ரெண்டு தடவை அறுப்பாங்க. நமக்குக் குளிர் இல்லாததால கொடி தூங்கவே தூங்காது; நாமதான் வெட்டி விட்டு, 'இப்பக் காய்'னு சொல்லணும். பள்ளத்தாக்குல ஏதாவது ஒரு தோட்டத்துல எப்பவும் பழம் தொங்கும். இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் இப்ப தோட்டக்காரர் முகத்துல பரிதாபம். "அப்ப ஓய்வே கிடையாதா?"

ரெண்டு விவசாயிங்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பாவப்பட்டுக்கிட்டு நின்னாங்க. நடுவுல நான். கொசு கடிச்சுது.

இந்த இடத்துல ஒரு பாதிரியார் கதை சொல்லணும். ஹேமண்ட்ஸ்போர்ட்ல முதல் திராட்சை வச்சது வில்லியம் பாஸ்ட்விக்னு ஒரு பாதிரியார். 1829-ல மாதா கோயில் வீட்டுத் தோட்டத்துல சும்மா ரெண்டு ஜாதிக் கொடி நட்டார். கடாபா ஒண்ணு, இசபெல்லா ஒண்ணு. நல்லா வந்துச்சு. அக்கம்பக்கத்துக்காரங்க குச்சி கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. அப்படித்தான் இந்தப் பள்ளத்தாக்கு பூரா பரவிச்சு.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு குடுத்தப்ப சொன்ன வரலாறு ஞாபகமிருக்கா? ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-ல தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்னு. கிட்டத்தட்ட அதே சமயத்துல ரெண்டு மூலையில ரெண்டு பாதிரியாருங்க கொடி நட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. (பூசைக்கு ஒயின் வேணுமே!)

இன்னும் பெரிய விஷயம் அந்த இசபெல்லா. நம்ம ஊர்ல கறுப்பு திராட்சை ஜூஸ்னு கண்ணாடி டம்ளர்ல குடுப்பாங்களே, அது பெரும்பாலும் பெங்களூர் ப்ளூ ரகம். அதுவும் இசபெல்லாவும் ஒண்ணுதான்னு திராட்சை ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அமெரிக்கக் காட்டுத் திராட்சை ரத்தம் ஓடற ஜாதி. அதனாலதான் அந்தத் தூக்கலான வாசனை.

எனக்கு இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுது. மாமாவுக்கு மூக்கே சொல்லிடுச்சு. ரோட்டோரமா மெனோனைட் குடும்பம் ஒண்ணு கடை போட்டிருந்தாங்க. (இவங்க இந்தப் பக்கம் நிறைய இருக்காங்க. பல பேர் கார் வச்சுக்கறதில்ல, குதிரை வண்டிதான்.) கடையில ஆளே இல்ல. ஒரு மேஜை, கூடை கூடையா கான்கார்ட் திராட்சை, காசு போட ஒரு தகரப் பெட்டி. மாமா ஒரு பழத்தை எடுத்து ரெண்டு விரலால அமுக்கினார். தோல் கையில நின்னுச்சு, உள்ள இருந்த பச்சைச் சதை மட்டும் வழுக்கி வாய்க்குள்ள போச்சு. தோலை மோந்து பார்த்தார்.

"ஜூஸ் கடை வாசனைம்மா இது. பன்னீர் இல்ல. பெங்களூர்ப் பழத்துக்குச் சொந்தக்காரன்."

ஒரு கூடை வாங்கினோம். தகரப் பெட்டியில காசு போட்டுட்டு, யாராவது பார்க்கறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வண்டி ஏறினார். காசு போட்டதை யாராவது பார்த்திருக்கணும்னு அவருக்கு ஆசை.

இப்ப ஒயினுக்கு வரேன். பஸ் கும்பல் இதுக்குள்ள நாலு ஒயினரி தள்ளி ஓடிப்போயிருக்கும், நாம மெதுவாப் போலாம்.

டேஸ்டிங் ரூம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு நீள கவுன்ட்டர். ஒரு சீட்டு குடுப்பாங்க, நாலஞ்சு ஒயினை டிக் பண்ணணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு மடக்கு ஊத்துவாங்க. பிடிச்சா குடிக்கலாம், பிடிக்கலன்னா கவுன்ட்டர்ல இருக்கற வாளியில கொட்டிடலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. விவரமானவங்க வாயில வச்சுட்டுத் துப்பவே செய்வாங்க.

வீட்டுக்காரர் வண்டி ஓட்டணும், அதனால தண்ணி. மாமாவுக்குத் திராட்சை ரசம். (கேட்டா பல இடத்துல வச்சிருப்பாங்க. கூச்சப்படாம கேளுங்க.) நான் மட்டும் அறிவியல் ஆர்வத்துல ரீஸ்லிங் ரெண்டு மடக்கு. இந்த ஊரோட கௌரவமே ரீஸ்லிங்தான். குளிர்ல நிதானமாப் பழுக்கற வெள்ளைத் திராட்சை. புளிப்பு சுருக்குனு ஏறும். ஊத்தின பொண்ணு பச்சை ஆப்பிள், வெள்ளை பீச், ஈரக் கல்லுன்னு ஏதேதோ சொல்லிச்சு. எனக்கு நார்த்தங்காய்த் தோல் வாசனை வந்துச்சு. சொன்னேன். நார்த்தங்காய்னா என்னன்னு அஞ்சு நிமிஷம் விளக்க வேண்டியதாப் போச்சு.

ஒரு உபயோகமான தகவல்: நிறைய ரீஸ்லிங் பாட்டில் பின்பக்கம் ஒரு கோடு போட்டிருப்பாங்க. ஒரு முனையில வறட்டு, மறு முனையில இனிப்பு, நடுவுல எங்கயாவது ஒரு அம்புக்குறி. அதைப் பார்த்து வாங்கினா போதும். ஒயின் தெரிஞ்ச மாதிரி மூஞ்சி வச்சுக்க வேண்டியதில்ல.

பக்கத்துல நின்ன ஒருத்தர் ஒரு வாய் குடிச்சுட்டு மிச்சத்தை வாளியில சளக்குனு கொட்டினார். மாமா பார்த்துட்டார். அவ்வளவுதான், வெளிய வந்தும் ஆறல. "வெளைய வச்சவன் பாத்தா வயிறெரிய மாட்டான்?" மண்ணு அணைச்சு, மண்ணு இழுத்து, வருஷத்துக்கு ஒரே ஒரு வெள்ளாமை எடுக்கறவன் சரக்கை வாளியில கொட்டறதுக்கு காசு குடுத்து வேற வர்றாங்கன்னு அவருக்குப் புரியவே இல்ல. எனக்கும் விளக்கத் தெரியல.

ஆனா எனக்கு அந்த ஊர்ல பிடிச்சது ஒயினோ ஏரியோகூட இல்லீங்க. அந்த மண்ணுல விளையற பிடிவாதம்.

முதல் ஆளு டாக்டர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க். 1899-ல ஒடெஸா பக்கத்துல பிறந்தவர். உக்ரைன் குளிர்ல திராட்சை வளர்க்கறதைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கினவர். யுத்தமெல்லாம் முடிஞ்சு 1951-ல அமெரிக்கா வந்து இறங்கினப்ப வயசு அம்பது தாண்டியாச்சு. இங்கிலீஷ் வராது. நியூயார்க்ல ஹோட்டல்ல தட்டு கழுவினார். அப்புறம் ஜெனீவாங்கற ஊர்ல விவசாய ஆராய்ச்சி நிலையத்துல வேலை கிடைச்சுது. ஆராய்ச்சி வேலை இல்ல, களை கொத்தற வேலை.

அப்ப இந்தப் பக்கம் எல்லாருக்கும் ஒரே முடிவு: ஐரோப்பியத் திராட்சை இங்க பொழைக்காது, குளிர்ல செத்துடும், அமெரிக்கத் திராட்சையும் கலப்பும்தான் சரி. ஃபிராங்க் களை கொத்திக்கிட்டே 'தப்பு'ன்னார். எங்க ஊர்க் குளிர் இதைவிட மோசம், அங்க வளருது. சாகறதுக்குக் காரணம் குளிர் இல்ல, நீங்க ஒட்டற வேர் சரியில்லங்கறது அவர் வாதம். களை கொத்தறவன் சொன்னா யார் கேட்பா?

ஒருத்தர் கேட்டார். சார்லஸ் ஃபோர்னியே. ஷாம்பெய்ன் கம்பெனியில இருந்துட்டு ஹேமண்ட்ஸ்போர்ட் பக்கத்துல கோல்ட் சீல் ஒயினரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர். அவர் ஃபிராங்கைக் கூட்டிட்டு வந்தார். ரெண்டு பேரும் குளிர் தாங்கற வேர் தேடி அலைஞ்சு, கியூபெக்ல ஒரு கன்னியாஸ்திரீ மடத்துத் தோட்டத்துல கண்டுபிடிச்சாங்க. (திரும்பவும் சர்ச். கவனிச்சீங்களா?) ஆயிரக்கணக்குல ஒட்டுப் போட்டுப் பார்த்தாங்க. 1957 பிப்ரவரியில மைனஸ் 32 டிகிரி செல்சியஸ் வரை போச்சு. உள்ளூர் ஜாதிக் கொடிங்களே நிறைய அடிபட்டுது. ஃபிராங்கோட ரீஸ்லிங்கும் ஷார்டனேவும் நின்னுச்சு. 1962-ல சொந்த ஒயினரி ஆரம்பிச்சார். இன்னிக்கும் அவர் குடும்பம்தான் நடத்தறாங்க. சரிவுக்கு மேல நின்னு பார்த்தா கீழ ஏரி நீலமா விரிஞ்சு கிடக்கும்.

இந்தக் கதையை மாமாவுக்கு முழுசாச் சொன்னேன். "களை கொத்தினாரா?"ன்னு ரெண்டு தரம் கேட்டார்.

அடுத்த ஆளு வால்டர் டெய்லர். டெய்லர் ஒயின்னு இங்க 1880-லேர்ந்து பெரிய கம்பெனி. அந்தக் குடும்பத்துப் பேரன். வெளியூர் ஒயினை டேங்கர்ல கொண்டுவந்து கலக்கறாங்கன்னு சொந்தக் கம்பெனியையே மேடை போட்டுத் திட்டினார். 1970-ல வெளிய அனுப்பிட்டாங்க. மலைமேல தாத்தாவோட பழைய இடத்துல புல்லி ஹில்னு தனியா ஒயினரி நடத்தினார். 1977-ல டெய்லர் கம்பெனியை வாங்கினது யார் தெரியுமா? கோக்க கோலா! வாங்கின கையோட கேஸ். டெய்லர்ங்கற பேரை லேபிள்ல போடக் கூடாதுன்னு. அது அவரோட சொந்தப் பேரு! கோர்ட்டும் ஆமாம்னு சொல்லிடுச்சு.

மனுஷன் என்ன பண்ணினார்? அச்சடிச்சு வச்சிருந்த லேபிள்ல எல்லாம் மார்க்கர் பேனா எடுத்துப் பேரைக் கறுப்பா அடிச்சார். ஊர் ஜனங்களும் உட்கார்ந்து கூட அடிச்சாங்க. அப்புறம் ஒரு ஆட்டைப் படமாப் போட்டு, பேரையும் பரம்பரையையும் பிடுங்கிட்டாங்க, ஆடு மட்டும் என்கிட்டதான் இருக்குன்னு கிண்டல். அந்த ஆட்டு ஒயின் இன்னும் விக்குது. கோக் 1983-லயே ஒயின் தொழிலை சீகிராமுக்கு வித்துட்டுக் கிளம்பிடுச்சு.

கோர்ட், கம்பெனி, பேரு, ஆடு. இதைவிட நல்ல சினிமாக் கதை வேணுமா? ஒயின் வாசனை பார்த்துக்கிட்டு ஏழு இடம் ஓடறவங்களுக்கு லேபிள்ல ஆடு ஏன் இருக்குன்னு கேட்க நேரம் எங்க?

மூணாவது ஆளுக்கும் ஒயினுக்கும் தொடர்பு இல்லன்னு நினைச்சேன். இருக்கு. கிளென் கர்ட்டிஸ். 1878-ல இதே ஊர்ல பிறந்தவர். சைக்கிள் கடை வச்சிருந்தார். சைக்கிளை மிதிக்க அலுத்துப்போய், தபால்ல வரவழைச்ச எஞ்சின் பாகத்தை மாட்டி, கார்புரேட்டருக்குத் தக்காளி டப்பாவை வச்சு ஓட்டினார். 1907-ல தானே செஞ்ச எட்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிள்ல மணிக்கு 136 மைல். அன்னிக்குத் தேதிக்கு உலகத்துல அவ்வளவு வேகமாப் போன மனுஷன் கிடையாது. (பிரேக்கைப் பத்தி யோசிக்காதீங்க, தூக்கம் வராது.)

அடுத்து விமானம். டெலிஃபோன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல்லோட குழுவுல சேர்ந்தார். 1908 ஜூலை 4 அன்னிக்கு, முன்கூட்டியே ஊருக்கெல்லாம் தேதி சொல்லி, கூட்டத்தைக் கூட்டி, 'ஜூன் பக்'ங்கற விமானத்தை இந்தப் பள்ளத்தாக்குல ஓட்டிக் காட்டினார். ஒரு கிலோமீட்டர் பறந்தா கோப்பை. அவர் ஒன்றரை கிலோமீட்டர் பறந்தார். ரைட் சகோதரர்கள் 1903-லயே பறந்தாச்சு, ஆனா அப்பப் பார்த்தவங்க ஒரு கைக்குள்ள அடங்கிடுவாங்க. அதுக்கப்புறம் ரெண்டு தரப்புக்கும் காப்புரிமை வழக்கு வருஷக்கணக்குல நடந்துச்சு. 1929-ல ரெண்டு பேர்லயும் இருந்த கம்பெனிங்க ஒண்ணாச் சேர்ந்து கர்ட்டிஸ்-ரைட்னு ஆயிடுச்சு. வழக்குக்கு ஃபீஸ் வாங்கின வக்கீலுங்கதான் உண்மையிலயே பறந்திருப்பாங்க.

அமெரிக்கக் கடற்படையோட முதல் விமானம் 1911-ல எழும்பினதும் இந்தக் கோணல் ஏரியிலேர்ந்துதான். ஊருக்கு வெளிய அருங்காட்சியகம் இருக்கு. அரை நாள் ஒதுக்குங்க. அங்க 'அமெரிக்கா'ன்னு ஒரு பறக்கும் படகோட மாதிரி நிக்குது. ஒரிஜினல் 1914-ல அட்லாண்டிக்கைத் தாண்டறதுக்காகச் செஞ்சது. (தாண்டல. முதல் உலக யுத்தம் வந்துடுச்சு.) பேர் வைக்கற அன்னிக்கு வழக்கப்படி மூக்குல ஷாம்பெய்ன் பாட்டிலை அடிச்சு உடைக்கணும். உள்ளூர்ச் சரக்குதான். கிரேட் வெஸ்டர்ன். 1860-ல ஆரம்பிச்ச ப்ளெசன்ட் வேலி கம்பெனியோடது. ஒரு சின்னப் பொண்ணு அடிச்சுது. உடையல. திரும்ப அடிச்சுது. உடையல. ஊர் ஜனம் பூரா ஏரிக்கரையில வேடிக்கை. கடைசியில விமானி சுத்தியலை எடுத்துட்டு வந்து உடைச்சார்.

பாட்டிலுக்கே அவ்வளவு பிடிவாதம்னா பார்த்துக்கோங்க.

மாமா அந்த விமானத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னார். பறந்ததுல அவருக்கு ஆர்வம் இல்ல, மரச்சட்டத்தை எப்படி இழைச்சிருக்காங்கன்னு பார்த்துட்டு இருந்தார். "ம்ம், நல்லாருக்கு"ன்னார். இந்தத் தடவை அந்த "ம்ம்" வேற தினுசு.

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் போங்க. அறுவடை நடக்கும், இலை நிறம் மாற ஆரம்பிக்கும். சனிக்கிழமை மத்தியானம் ஒயினரிப் பக்கமே தலை வைக்காதீங்க, எல்லா பஸ்ஸும் அங்கதான் நிக்கும். வார நாள்ல போனா ஊத்தறவங்களுக்கே பொழுது போகாம உட்கார்ந்து கதை சொல்வாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு இடம் தாராளம். ஓட்டறவர் குடிக்கக் கூடாது. இந்த மாநிலத்துல ரத்தத்துல 0.05 தாண்டினாலே மாட்டலாம். மெனோனைட் கடைங்க ஞாயித்துக்கிழமை கிடையாது.

கடைசியா அந்தக் கூடை. மேற்குப் பக்கமா அடுத்த ஏரியோட அடியில நேப்பிள்ஸ்னு ஒரு ஊர் இருக்கு, அங்க திராட்சைப் பை ரொம்பப் பிரபலம். வீட்டுல பண்ணிப் பார்த்தேன். கான்கார்ட் பழத்தை ஒவ்வொண்ணா அமுக்கி, தோலை ஒரு கிண்ணத்துல, சதையை ஒரு பாத்திரத்துல போடணும். சதையை மட்டும் கொதிக்க விட்டா குழைஞ்சு கொட்டை தனியா வரும். சல்லடையில தேச்சு வடிகட்டணும். அப்புறம் தோலைத் திரும்பச் சேர்த்து, சர்க்கரையும் கொஞ்சம் மாவும் போட்டு, மேல மூடி வச்சு ஓவன்ல தள்ளணும். கேட்க சுலபம். அந்தக் கூடை காலியாகறதுக்குள்ள சமையல் மேடை, சட்டை, கை நகம் எல்லாம் ஊதா. சாயம் ரெண்டு நாள் போகல. அந்தக் கையோடதான் கொலு வீட்டுக்குப் போய்ச் சுண்டல் வாங்கினேன்.

அமுக்கற வேலையில பாதிக்கு மேல மாமாதான். என்னைவிட மூணு மடங்கு வேகம். பை வெந்து வந்ததும் ஒரு துண்டு வச்சுக் குடுத்தேன். பொறுமையா சாப்பிட்டுட்டு, தட்டை நீட்டி இன்னொரு துண்டு கேட்டார்.

"எப்படி மாமா இருக்கு?"

"பன்னீர்ல பண்ணியிருந்தா இன்னும் நல்லாருக்கும்."